எட்டு எப்படி வந்தது?

மூன்றரை வயதுக் குழந்தை ஒன்று முதல் இருபது வரை தடுமாறாமல் சொல்கிறது. வீட்டுக்கு வந்தவர்கள் கைதட்டுகிறார்கள். சற்று நேரத்தில் அம்மா, “அஞ்சு ஸ்பூன் எடுத்துட்டு வா கண்ணு” என்று சமையலறைக்கு அனுப்புகிறார். குழந்தை கை கொள்ளும் அளவுக்கு அள்ளிக்கொண்டு வருகிறது. அதில் எட்டு இருக்கலாம், மூன்றும் இருக்கலாம். “இது அஞ்சா?” என்று கேட்டால், கொஞ்சமும் தயங்காமல் “ஆமா” என்கிறது.

இருபது வரை தெரிந்த குழந்தைக்கு ஐந்து ஏன் தெரியவில்லை? கவனம் போதவில்லை என்று சிலர் நினைப்பார்கள், குறும்பு என்று சிலர் சொல்வார்கள். இரண்டும் இல்லை. அந்தக் குழந்தைக்கு ஐந்து என்றால் எவ்வளவு என்பது உண்மையிலேயே இன்னும் தெரியாது. இருபது வரை சொல்ல வைத்த யாரும் ஐந்தை எடுத்துக்கொடுக்கச் சொல்லவில்லை, ஆகவே அது வெளியே தெரியவும் இல்லை.

சிறு குழந்தையின் கணக்கை அதன் வாயிலும் சிலேட்டிலும் தேடுவது நம் பழக்கம். அது நடப்பதோ விரல்நுனியில், உதட்டு அசைவில், தயங்கி நிற்கும் சில விநாடிகளில். வகுப்பறையில் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் மட்டுமே கிடைக்கும் செய்திகள் அவை.

ஒப்பிப்பதும் எண்ணுவதும்

எண் பெயர்களை வரிசையாகச் சொல்வது குழந்தைக்கு முதலில் ஒரு பாட்டு மாதிரிதான். எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்பது தெரியும், சொல்லுக்குப் பொருள் உண்டு என்பது தெரியாது. அந்தப் பாட்டு எண்ணலாக மாற என்னென்ன சேர வேண்டும் என்பதை அமெரிக்க உளவியலாளர்கள் ரோஷெல் கெல்மனும் சி.ஆர். கேலிஸ்டலும் 1978-இல் வெளியிட்ட நூலில் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு சொல், கூடவும் கூடாது, விடவும் கூடாது. சொற்களின் வரிசை ஒவ்வொரு முறையும் மாறாமல் இருக்க வேண்டும். இடப்பக்கம் தொடங்கினாலும் நடுவில் தொடங்கினாலும் விடை ஒன்றே. புளியங்கொட்டையை மட்டுமல்ல, கைதட்டலையும் நேற்று வந்த மாமாக்களையும்கூட எண்ணலாம். இவற்றோடு எல்லாவற்றுக்கும் திறவுகோலான இன்னொன்று: கடைசியாகச் சொன்ன சொல் கடைசிப் பொருளின் பெயரன்று, மொத்தக் குவியலின் அளவு. இதை இங்கே ‘கடைசிச் சொல் விதி’ என்று அழைப்போம்.

பெரியவர்களுக்கு இந்த விதி கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பழகிவிட்டது. ஒரு குழந்தையிடம் ஐந்து கொட்டைகளை வரிசையாக வைத்து எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாகத் தொட்டு, “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு” என்று பிசகாமல் எண்ணும். “சரி, மொத்தம் எத்தனை?” என்று கேட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். இன்னொரு முறை கேட்டால் இன்னொரு முறை எண்ணும். அதன் மனத்தில் ‘எத்தனை?’ என்பது ஒரு செயலுக்கான அழைப்பு: எண்ணிக் காட்டு. விடையைக் கையில் வைத்துக்கொண்டே அது விடை என்று தெரியாமல் இருக்கிறது.

‘நாலு கொடு’

“எத்தனை?” என்ற கேள்வியில் ஒரு சிக்கல் உண்டு. கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொன்னால் பெரியவர்கள் மகிழ்கிறார்கள் என்பதைக் குழந்தை சீக்கிரமே கற்றுக்கொள்ளும். பொருள் புரியாமலே சரியான விடை வந்துவிடும். ஆகவே கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். குவியலைக் கொடுத்து எண்ணிக்கையைக் கேட்பதற்குப் பதிலாக, எண்ணிக்கையைச் சொல்லிக் குவியலைக் கேட்பது. 1990-களின் தொடக்கத்தில் கேரன் வின் என்ற உளவியலாளர் இதை ஒரு சோதனையாகவே வளர்த்தெடுத்தார். ‘ஒன்று கொடு’, ‘இரண்டு கொடு’, ‘நாலு கொடு’. அவ்வளவுதான். இதைவிட எளிமையான சோதனை இல்லை, இதைவிட அதிகம் காட்டியதும் அநேகமாக இல்லை.

இரண்டரை வயதை ஒட்டிய குழந்தை, ஒன்று கேட்டால் சரியாக ஒன்று தரும். இரண்டோ மூன்றோ ஐந்தோ கேட்டால் கைக்கு வந்ததை அள்ளித் தரும். ஆனால் இரண்டு கேட்கும்போது ஒன்றை மட்டும் நீட்டுவதில்லை. மற்றச் சொற்கள் எவையும் ஒன்றைக் குறிப்பவை அல்ல என்பது அதற்கு ஏற்கெனவே தெரியும். சில மாதங்கள் அங்கேயே நிற்கும். பிறகு இரண்டு பிடிபடும், மேலும் சில மாதங்கள். பிறகு மூன்று. இந்தக் காலம் முழுவதும் அதே குழந்தை வாயால் பத்து வரை சொல்லிக்கொண்டிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

மூன்றுக்கோ நான்குக்கோ பிறகு படிகள் நின்றுவிடுகின்றன. நான்கு, ஐந்து, ஆறு என்று ஒவ்வொன்றுக்கும் மாதக்கணக்கில் காத்திருப்பதில்லை. ஒரு கட்டத்தில் குழந்தை கேட்டதையெல்லாம் எண்ணி எடுத்துத் தரத் தொடங்குகிறது. கடைசிச் சொல் விதி புரிந்துவிட்டது. பெரும்பாலும் மூன்றரை, நான்கு வயதை ஒட்டி நிகழும் இந்தத் தாவல் சூழலைப் பொறுத்து முன்பின்னாகலாம். எப்படி நிகழ்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் ஓயவில்லை.

முதல் மூன்று எண்களுக்கு மட்டும் ஏன் தனித்தனிப் படி? நம் கண் மூன்று, நான்கு பொருள்கள் வரை எண்ணாமலே அளவைப் பிடித்துவிடும். தாயக்கட்டை உருண்டு நின்றதும் யாரும் புள்ளிகளை எண்ணுவதில்லை அல்லவா, அந்தத் திறன்தான். ‘பார்வையளவு’ என்று வைத்துக்கொள்ளலாம். குழந்தை முதல் மூன்று சொற்களுக்குப் பொருளைப் பார்வையளவின் துணையோடு கட்டிக்கொள்கிறது. அதைத் தாண்டினால் கண் கைவிடுகிறது, எண்ணியே ஆக வேண்டும்.

எல்.கே.ஜி. சேர்க்கைக்கு வரும் குழந்தையை நிற்க வைத்து “ஐம்பது வரை சொல்லு” என்று கேட்கும் பள்ளிகளைப் பற்றிய என் வருத்தம் இங்கிருந்துதான் வருகிறது. அங்கே சோதிக்கப்படுவது நினைவாற்றலும் புது மனிதர் முன் வாய் திறக்கும் துணிச்சலும். கணக்கு அந்த அறைக்குள் வரவே இல்லை.

கேள்வியும் குழப்பமும்

சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் பியாஜே 1941-இல் அலினா ஷெமின்ஸ்காவோடு சேர்ந்து குழந்தையின் எண்ணறிவு பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவருடைய புகழ்பெற்ற சோதனை இது: ஒன்றுக்கொன்று நேராக இரண்டு வரிசைகள். “இரண்டிலும் சமமா?” “சமம்.” குழந்தையின் கண் முன்னே ஒரு வரிசையை இழுத்து நீளமாக்கிவிட்டு மறுபடி கேட்பார். ஐந்து வயதுக் குழந்தைகளில் பலர் நீளமான வரிசையில்தான் அதிகம் என்றார்கள். இடம் மாறினால் அளவு மாறாது என்ற அறிவு ஆறு, ஏழு வயதை ஒட்டித்தான் வருகிறது என்று பியாஜே முடிவு கட்டினார்.

1974-இல் எடின்பரோவில் ஜேம்ஸ் மெக்காரிகிளும் மார்கரெட் டொனால்ட்சனும் அதே சோதனையில் ஒரு பொம்மைக் கரடியைச் சேர்த்தார்கள். சேட்டைக்காரக் கரடி பெட்டியிலிருந்து தப்பி வந்து வரிசையைக் கலைத்துவிடும். பெரியவர் வேண்டுமென்று எதையும் மாற்றவில்லை. இப்போது கேட்டபோது, நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் “சமம்தான்” என்றார்கள். அதே குழந்தைகள், அதே வரிசைகள்.

பெரியவர் ஒருவர் வேலை மெனக்கெட்டு ஒரு வரிசையை மாற்றிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டால், விடையும் மாற வேண்டும் என்றுதான் குழந்தை நினைக்கும். நம் வகுப்பறைகளில் இது இன்னும் ஆழமாக ஊறியது. “நல்லா யோசிச்சுச் சொல்லு” என்று டீச்சர் சொன்னால் முதலில் சொன்னது தப்பு என்று ஆறு வயதுக்கே தெரியும். சரியாகச் சொன்ன குழந்தையும் உடனே மாற்றிச் சொல்லும். ஆகவே கவனிக்க உட்காரும் ஆசிரியர் முதலில் பழக வேண்டிய வாக்கியம், “எப்படிக் கண்டுபிடிச்ச? எனக்குச் செஞ்சு காட்டு” என்பது. விடை சரியாக இருக்கும்போதும் அதையே கேட்க வேண்டும். தப்பானபோது மட்டும் கேட்டால் அந்த வாக்கியமும் ‘தப்பு’ என்பதன் இன்னொரு பெயராகிவிடும்.

மூன்றும் ஐந்தும்

இனி ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு ஓராண்டு பின்தொடர்வோம். மூன்றும் ஐந்தும் சேர்ந்தால் எத்தனை? முதல் வகுப்பில் ஒரு சிறுமி. பல குழந்தைகளிடம் காணக்கூடியதை ஒரே சிறுமியிடம் வரிசைப்படுத்திச் சொல்கிறேன். உண்மையில் எந்தக் குழந்தையும் இவ்வளவு ஒழுங்காக வளர்வதில்லை.

ஜூன் மாதம், பள்ளி திறந்த புதிது. பாயில் புளியங்கொட்டைக் குவியல். அவள் மூன்றை எண்ணி எடுத்து வைக்கிறாள். ஐந்தை எண்ணி எடுத்து வைக்கிறாள். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, “ஒண்ணு” என்று முதலிலிருந்து தொடங்கி எட்டில் முடிக்கிறாள். மூன்று சொற்கள், ஐந்து சொற்கள், எட்டுச் சொற்கள்: ஒரு கூட்டலுக்குப் பதினாறு எண் பெயர்கள் செலவு. இதை ‘முழுதெண்ணல்’ என்போம். இங்கே பார்க்க வேண்டியது அவள் கை. எண்ணிய கொட்டையை ஒதுக்கித் தள்ளுகிறாளா, இல்லை குவியலுக்குள்ளேயே விரலை நடமாட விடுகிறாளா? ஒதுக்கித் தள்ளும் குழந்தை, எண்ணியது எது, எண்ணாதது எது என்ற பொறுப்பை நினைவிலிருந்து எடுத்துப் பாயின் மேல் வைத்துவிட்டது. யாரும் சொல்லித்தராமலே பல குழந்தைகள் இதற்கு வந்து சேர்கிறார்கள். சேராதவர்களுக்கு விடை ஒருமுறை ஏழு, ஒருமுறை ஒன்பது என்று ஆடும்.

காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது கொட்டைகள் தேவைப்படுவதில்லை. இடது கையில் மூன்று விரல். வலது கையை மட்டும் எண்ணாமல் அப்படியே விரிக்கிறாள், ஒரு கை என்றால் ஐந்து என்று தெரிந்துவிட்டது. பிறகு விரல்களை ஒவ்வொன்றாகக் கன்னத்தில் தட்டி ஒன்றிலிருந்து எட்டு வரை எண்ணுகிறாள். இன்னும் முழுதெண்ணல்தான், ஆனால் பதினாறு சொற்கள் பன்னிரண்டுக்குள் வந்துவிட்டன.

பிறகு ஒருநாள், “மூணு” என்று சொல்லி நிறுத்துகிறாள். ஒரு தலையசைப்பு. “நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு.” ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரல் எழுகிறது. ஐந்தாவது விரல் எழுந்ததும் நிறுத்திவிடுகிறாள்.

வெளியிலிருந்து பார்த்தால் இதுவும் விரல்விட்டு எண்ணுவதுதான். உள்ளே எல்லாம் மாறிவிட்டது. முன்பு விரல்கள் கொட்டைகளுக்குப் பதிலாக நின்றன. இப்போது அவை எதற்கும் பதிலாக நிற்கவில்லை, எத்தனை சொல் சொன்னோம் என்று கணக்கு வைக்கின்றன. அவள் ஒரே நேரத்தில் இரண்டு எண்ணல்களை நடத்துகிறாள்: வாய் நாலு முதல் எட்டு வரை போகிறது, கை ஒன்று முதல் ஐந்து வரை போகிறது. அதைவிட முக்கியமானது, மூன்றை அவள் எண்ணவே இல்லை. மூன்று என்று சொன்னாலே அந்த மூன்றும் எண்ணியாகிவிட்டன என்று நம்புகிறாள். ஸ்பூன் அள்ளி வந்த வயதில் இல்லாதிருந்த கடைசிச் சொல் விதி இப்போது கருவியாகிவிட்டது. இதைத் ‘தொடர்ந்தெண்ணல்’ என்போம்.

அரையாண்டு விடுமுறை முடிந்து வந்தபின் “மூணும் அஞ்சும்” என்றதும், அவள் “அஞ்சு… ஆறு, ஏழு, எட்டு” என்கிறாள். பெரிய எண்ணிலிருந்து தொடங்கினால் வேலை குறையும் என்று தெரிந்துவிட்டது. எந்த எண் முன்னால் வந்தாலும் விடை மாறாது என்பதை அவளுக்கு யாரும் விதியாகச் சொல்லவில்லை.

தப்பான ஏழு

முழுதெண்ணலுக்கும் தொடர்ந்தெண்ணலுக்கும் நடுவில், சில வாரங்கள் அவள் சிலேட்டில் 3 + 5 = 7 என்று எழுதிக்கொண்டிருந்திருப்பாள். அருகில் உட்கார்ந்து பார்த்தால் காரணம் தெரியும். “மூணு” என்று சொல்லும்போதே முதல் விரல் எழுந்துவிடுகிறது. மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு: ஐந்து விரல் ஆகிவிட்டது, நிறுத்திவிட்டாள். 4 + 5-க்கு எட்டு, 2 + 6-க்கு ஏழு என்று எல்லா விடைகளும் ஒன்று குறைவாக வந்தால் சந்தேகமே வேண்டாம், இதுதான் நடக்கிறது.

அவள் பக்கத்தில் ஒரு சிறுவன். பதினாறு சொற்களையும் பொறுமையாகச் சொல்லி, கொட்டை கொட்டையாக எண்ணி 8 என்று எழுதியிருக்கிறான். திருத்தும்போது அவனுக்குச் சரி, அவளுக்குத் தப்பு. மதிப்பெண் பட்டியலில் அவன் முன்னே. ஆனால் கணக்கைப் புரிந்துகொள்ளும் பாதையில் அவள் அவனைத் தாண்டிவிட்டாள். அவன் இன்னும் ஒன்றிலிருந்து தொடங்குகிறான். அவளோ மூன்றை முழுசாகப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து கால் எடுத்து வைக்கும் இடத்தில் மட்டும் இடறுகிறாள். இந்த ஒரு காட்சிக்காகவே ஆசிரியர் பாயில் வந்து உட்கார வேண்டும் என்பேன். சிவப்பு மை இந்த இருவரையும் தலைகீழாக வரிசைப்படுத்திவிடுகிறது.

அவள் தப்பைக் கண்டு, “கொட்டையை வச்சு முதல்ல இருந்து எண்ணு” என்று சொன்னால் விடை சரியாகிவிடும். அவளாகக் கட்டிக்கொண்டிருந்த வழி இடிந்துவிடும். அதற்குப் பதில் மூன்று கொட்டைகளை அவள் பார்க்க ஒரு கொட்டாங்குச்சியில் போடுங்கள். “உள்ள எத்தனை?” “மூணு.” நான்காவதைக் கையில் எடுத்து, “இதைப் போட்டா?” “நாலு.” இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால் முதல் விரல் எந்தச் சொல்லுக்கு எழ வேண்டும் என்பதை அவளே சரிசெய்துகொள்வாள். பக்கத்துச் சிறுவனுக்கும் அதே கொட்டாங்குச்சிதான், ஆனால் கவிழ்த்து. மூன்றும் அதனடியில், ஐந்து வெளியே. மறைந்திருப்பதைத் தொட்டு எண்ண முடியாது. அவன் முதலில் கொட்டாங்குச்சியின் முதுகையே மூன்று முறை தட்டி எண்ணுவான். எண்ணட்டும். அந்தத் தட்டல் எப்போது நிற்கிறது என்பதுதான் நாம் பார்க்கக் காத்திருப்பது.

சொல்லித்தராத வழி

கை குரோனும் லாரன் ரெஸ்னிக்கும் 1977-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிப் பாடம் தொடங்காத சிறு குழந்தைகளுக்கு முழுதெண்ணலை மட்டும் கற்றுக்கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் பயிற்சி மட்டும் தந்தார்கள். குழந்தைகளில் பலர் தாங்களாகவே பெரிய எண்ணிலிருந்து தொடங்கும் வழிக்கு மாறினார்கள். யாரும் காட்டவில்லை.

ராபர்ட் சீக்லரும் எரிக் ஜென்கின்ஸும் இன்னும் நெருங்கிப் பார்த்தார்கள். நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் கூட்டல் செய்வதை வாரக்கணக்கில் காணொளியில் பதிந்து, ஒவ்வொரு கணக்கையும் எப்படிச் செய்தார்கள் என்று பிரித்தார்கள். 1989-இல் நூலாக வந்த அந்தப் பதிவுகளில் என்னை மிகவும் பாதித்தவை மூன்று. புதுவழி கண்டுபிடித்த குழந்தை பழைய வழியை உடனே விட்டுவிடவில்லை. இரண்டும் நெடுநாள் கலந்தே வந்தன. கண்டுபிடிப்பு பெரும்பாலும் தோல்வியிலிருந்து பிறக்கவில்லை. ஏற்கெனவே சரியாகச் செய்துகொண்டிருந்த எளிய கணக்குகளிலேயே அது தோன்றியது. மூன்றாவதாக, கண்டுபிடிக்கும் தறுவாயில் குழந்தை வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தது, பேச்சு திக்கியது.

அந்தத் திக்கலை நம் வகுப்பறை எப்படி எதிர்கொள்கிறது? குழந்தை விழித்துக்கொண்டு நின்றால் “அடுத்து யார் சொல்றா?” என்று கேள்வி நகர்ந்துவிடும். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடியே காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ 1970-களில் அமெரிக்க வகுப்பறைகளில் அளந்து காட்டினார். மூன்று விநாடிக்கு மேல் காத்திருந்தாலே குழந்தைகளின் விடைகள் நீண்டன, வாய் திறக்காதவர்கள் பேசினார்கள்.

விரல் விடலாமா?

“ஒண்ணாங் கிளாஸ் வந்துட்ட, இன்னும் விரல் விட்டுக்கிட்டு!” இந்த அதட்டலைக் கேட்காத தமிழ்க் குழந்தை குறைவு. மேலே பார்த்த ஓராண்டை நினைத்துப் பாருங்கள். விரல்கள் இல்லாமல் தொடர்ந்தெண்ணல் எங்கிருந்து வந்திருக்கும்? அமெரிக்காவில் நான்சி ஜோர்டன் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மழலையர் வகுப்பில் விரலைப் பயன்படுத்தியவர்கள் கணக்கில் மேலாகச் செய்தார்கள். இரண்டாம் வகுப்பு முடியும்போது அந்தத் தொடர்பு மறைந்து, தலைகீழாகத் திரும்பவும் தொடங்கியிருந்தது. சரியான காலத்தில் விரலைப் பிடித்தவர்கள் சரியான காலத்தில் விட்டும்விடுகிறார்கள். தடுத்தால் விரல்கள் நிற்பதில்லை, மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்கின்றன. நம் பாட்டிகள் செய்வது போல் கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டு எண்ணும் குழந்தைகளும் உண்டு. கை மூடியிருப்பது போலத் தெரியும், உள்ளே எண்ணல் ஓடிக்கொண்டிருக்கும். ஆசிரியரின் கண்ணுக்குக் கிடைத்த ஒரே சன்னலை நாமே சாத்திவிடுகிறோம்.

மூடிய பெட்டி

மார்ட்டின் ஹியூஸ் 1980-களில் எடின்பரோவில் நான்கு வயதை ஒட்டிய குழந்தைகளோடு ஒரு பெட்டி விளையாட்டு நடத்தினார். பெட்டிக்குள் இரண்டு கட்டைகள், மூடியாயிற்று. இன்னொன்றைப் போட்டு, “இப்போ உள்ளே எத்தனை?” பலர் பார்க்காமலே சரியாகச் சொன்னார்கள். “இரண்டும் ஒன்றும் எத்தனை?” என்று மட்டும் கேட்டபோது அதே குழந்தைகள் திகைத்தார்கள். இரண்டு எது? இரண்டு கட்டையா, இரண்டு மிட்டாயா?

இந்த இடைவெளி வயதோடு தானாக மூடிக்கொள்வதில்லை. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் 2025-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வியாபாரம் செய்யும் பிள்ளைகளைப் பற்றியது. எடையையும் விலையையும் பெருக்கிச் சில்லறையை மனத்திலேயே தீர்க்கும் அவர்கள், அதே கடினத்தில் பள்ளிப் பாணியில் எழுதிக் கேட்ட கணக்குகளில் தடுமாறினார்கள். வியாபாரம் செய்யாத பள்ளிப் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். ‘இவனுக்குக் கணக்கு வராது’ என்று ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லுமுன், எந்தக் கணக்கு, எங்கே என்று கேட்டாக வேண்டும்.

முப்பது பேர், ஓர் ஆசிரியர்

இதெல்லாம் ஒரு குழந்தையோடு உட்கார நேரம் உள்ள ஆய்வாளருக்குச் சரி, முப்பது பேரை வைத்திருப்பவர் என்ன செய்வார் என்ற கேள்வி நியாயமானது. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் செயல்பாடுகள் தருகிறது. எந்த நிலை என்று முடிவு செய்ய ஆசிரியர் பார்த்தே ஆக வேண்டும் என்பதை அது ஒப்புக்கொள்கிறது. ஆனால் விடையை மட்டும் பார்த்துப் பிரித்தால், ஏழு எழுதிய சிறுமியும் எட்டு எழுதிய சிறுவனும் மறுபடி தலைகீழாகத்தான் உட்காருவார்கள்.

எல்லோரையும் ஒரே நாளில் பார்க்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொட்டைகளோடும் தாயக்கட்டையோடும் விளையாடும்போது நாளுக்கு இரண்டு பேர், ஆளுக்கு இரண்டு நிமிடம். ஒரு நோட்டில் ஒரு வரி போதும். ‘3 + 5: எட்டு, சரி’ என்று எழுதினால் அந்த வரிக்குப் பயனில்லை. ‘மூணிலிருந்து தொடர்ந்தாள், முதல் விரல் முந்திவிடுகிறது’ என்று எழுதினால் நாளை என்ன கேட்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது.

மூன்றிலிருந்து பிசகாமல் தொடர்ந்தெண்ணுகிறவளிடம், ஆனால் எப்போதும் முதல் எண்ணிலேயே தொடங்குகிறவளிடம், நாளைக்கு “ரெண்டும் பத்தொன்பதும்” என்று கேட்டுப் பாருங்கள். பயிற்சிகளின் நடுவே இப்படி ஒரு பொருந்தாத ஜோடியை வைப்பது சீக்லரும் ஜென்கின்ஸும் செய்ததுதான். பெரிய எண்ணிலிருந்து தொடங்கும் வழியை அதற்குள் ஒருமுறையாவது கண்டிருந்த குழந்தைகள், அதன்பின் அதை அடிக்கடி எடுத்துக்கொண்டார்கள். உங்கள் மாணவி இரண்டில் தொடங்குவாள். மூணு, நாலு, அஞ்சு என்று போய்ப் பன்னிரண்டில் பத்து விரலும் தீர்ந்துவிடும். அங்கே நிறுத்தி உங்கள் முகத்தைப் பார்ப்பாள். எதுவும் சொல்லாதீர்கள், அவள் விரல்களை மடக்கிவிட்டு மறுபடி எந்த எண்ணில் தொடங்குகிறாள் என்று மட்டும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.